அதிரசத்துக்கு ஒரு வரைபடம்

யந்திரங்களோடு பழகுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கோ வேலை முடிகிற நேரம் என்று ஒன்று கிடையாது. குழாய் சொட்டினால் அதற்கு ஒரு திட்டம். கோழிக்கூட்டின் கதவு மாலையில் தானே சாத்திக்கொள்வதற்கு ஒரு திட்டம். அடுத்த வீட்டுத் தையல் யந்திரம் போடும் சத்தத்துக்கு ஒரு வியாக்கியானம். இத்தகையவர் நால்வர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு தட்டுத் தின்பண்டத்தைக் கொண்டுபோய் வைத்தால், அது நேரே வாய்க்குள் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. முதலில் அதை அளந்து பார்ப்பார்கள்.

கந்தப்பளையில் அப்படி ஒரு சபை உண்டு. நுவரெலியாவிலிருந்து ராகலை செல்லும் பாதையில், கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கும் மேலே, ஒரு பக்கம் தேயிலையும் மறுபக்கம் உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ் பாத்திகளுமாக இருக்கும் ஊர் அது. (உயரத்தைக் குறிக்கும் இந்த எண்ணை வாசக அன்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.) ஞாயிறு பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால், கடைத்தெருவில் கைத்தொலைபேசி திருத்தும் தம்பியின் கடைப் பின்னறையில் சபை கூடும். தம்பியைத் தவிர, தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் மாஸ்டர். காய்கறித் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைத் திருத்துவதால் மோட்டார் மாமா என்றே பெயர் பெற்றுவிட்ட பெரியவர். நாம் ஐந்தாமவர். நமக்கு அங்கே உள்ள பொறுப்பு தேநீர் குடிப்பது.

சென்ற தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு சபைக்கு வந்த தின்பண்டம் அதிரசம். கொண்டுவந்தவள் பக்கத்து லயத்தில் குடியிருக்கும் ஒரு பெண். நுவரெலியாக் கடை ஒன்றிலிருந்து தீபாவளிக்கு 400 அதிரசம் வேண்டுமென்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். மாவும் அடுப்பும் அவள் கையில். பாகு மட்டும் அவளுடைய அப்பாயியின் கையில். அப்பாயிக்கு எண்பது வயது. கண்ணில் புரை, கை நடுங்குகிறது. “இந்த வருஷம் அப்பாயி பார்த்துக்கொள்ளும். அடுத்த வருஷம் யாரைக் கேட்பேன்? பாகு தவறினால் அரிசியும் போச்சு, வெல்லமும் போச்சு, கடைக்காரரும் போய்விடுவார்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பில் கணக்கு இருந்தது. ஒரு கிலோ பச்சரிசிக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ வெல்லம் போகிறது. 400 அதிரசத்துக்கு எத்தனை கிலோ, அதற்கு எத்தனை நாள் சம்பளம் என்பதை லயத்தில் உள்ளவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் போனதும் மோட்டார் மாமா ஓர் அதிரசத்தைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். “விட்டம் மூன்று அங்குலம். கனம் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. சகிப்பளவு எவ்வளவு வைக்கலாம்?” என்றார்.

“வாய்க்குள் போகிற அளவு” என்றார் மாஸ்டர்.

அப்படித் தொடங்கிய பேச்சு, இரண்டு மணி நேரத்தில் பழைய நாட்காட்டி ஒன்றின் பின்பக்கத்தில் முழு வரைபடமாக முடிந்தது. வரைந்தவர் பிட்டர் அண்ணன். அவர் வாதம் எளிமையானது: அதிரசத்துக்கென்று தனித் தொழிற்சாலை தேவையே இல்லை, தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கொடுத்தால் போதும்.

“யோசித்துப் பாருங்கள். அரிசியை ஊற வைத்து, வடித்து, நிழலிலே துணிமேல் பரப்பி, பாதி ஈரம் போகும்வரை உலர்த்துகிறார்கள். கொழுந்து வாட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கொழுந்தில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் தண்ணீர். இரவு முழுவதும் தொட்டியில் பரப்பிக் காற்றை ஊதி, 55 பங்கு அளவுக்குக் கொண்டு வருகிறோம். நம் ஊர் மூடுபனியில் அரிசி உலரவில்லை என்று பெண்கள் முறையிடுகிறார்களே, கொழுந்தும் அப்படித்தான் உலராது. அதற்காகத்தான் சூடான காற்று, விசிறி எல்லாம். ஆகவே முதல் மாடி, அரிசி வாட்டும் இடம்.”

அடுத்தது ரோலர். பித்தளைத் தட்டின்மேல் வட்டமாகச் சுழன்று கொழுந்தைப் பிசையும் அந்தப் பெரிய யந்திரத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மாவும் பாகும் அதில் விழுந்தால் ஐந்து நிமிடத்தில் பிசைந்து தரும் என்பது அண்ணனின் கணிப்பு. தட்டிலிருந்து அதைப் பிறகு சுரண்டி எடுப்பது யார் என்று தம்பி கேட்டதற்கு, அது பராமரிப்புப் பிரிவின் விஷயம், வடிவமைப்புப் பிரிவின் விஷயம் அன்று என்று பதில் வந்தது. மூன்றாவதாக, பிசைந்த மாவை ஒரு நாளோ இரண்டு நாளோ மூடி வைக்கிறார்களே, அது தேயிலையை நொதிக்க வைப்பதற்குச் சமானம். நான்காவது, அடுப்பு. ஐந்தாவதாகச் சல்லடை. இங்கேதான் சபை நிதானம் இழந்தது. முழுசாக வந்த அதிரசத்துக்கு ஓரஞ்சு பெக்கோ என்றும், ஓரம் உடைந்ததற்கு பி.ஓ.பி. என்றும், டின்னின் அடியில் தங்கும் தூளுக்கு டஸ்ட் நம்பர் ஒன் என்றும் தரம் பிரித்தார்கள். டஸ்ட்டுக்குத்தான் கிராக்கி அதிகம் இருக்கும், ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் அதையே தேடி எடுப்பார்கள் என்று மாஸ்டர் சந்தை நிலவரமும் சொன்னார்.

வேடிக்கைதான். ஆயினும் இந்த வேடிக்கையை மேலும் கீழுமாகப் புரட்டிப் பார்த்தால், பிட்டர் அண்ணன் சொன்னது தலைகீழாக நின்ற சரித்திரம் என்பது தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் அதிரசம் செய்யலாம் என்றார் அவர். உண்மையில் தேயிலைத் தொழிற்சாலைதான் சமையற்கட்டிலிருந்து வந்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது அவரிடம் யந்திரம் ஒன்றும் இல்லை. அவருடைய பங்களாத் திண்ணையே தொழிற்சாலை. கொழுந்தை மேசைமேல் போட்டு, சப்பாத்தி மாவு பிசைவதைப் போலக் கையால் உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி போட்டு, அதன்மேல் கம்பித் தட்டு வைத்து உலர்த்தினார்கள். அந்தக் கைகளின் அசைவைப் பார்த்தே பிற்பாடு ரோலர் வந்தது. அந்த அடுப்பைப் பார்த்தே உலர்த்தும் யந்திரம் வந்தது. 1873இல் லண்டனுக்குப் போன அவருடைய தேயிலை 23 இறாத்தல். ஒரு கலியாண வீட்டுப் பலகாரத்தின் எடைகூட இல்லை.

நம் நால்வரும் இவ்வகைக் கூத்தில் முதல்வர்களும் அல்லர். டெனிஸ் பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் மூடி இறுக்கிய ஒரு பானையைச் செய்தார். நீராவியை வெளியே விடாமல் அடைத்து வைத்தால் உள்ளே அமுக்கம் ஏறும். தண்ணீர் வழக்கமான சூட்டுக்கு மேல் சூடேறிக் கொதிக்கும். எலும்புகூடக் கரைந்து போகும். பானை வெடிக்காதிருக்க, பாரம் தொங்கவிட்ட ஒரு தடுக்கும் வைத்தார். இன்று நம் வீட்டு அமுக்கச் சமையற்பானையின் தலையில் விசில் அடிப்பது அதன் பேரப்பிள்ளை. தேயிலைத் தொழிற்சாலைக் கொதிகலன்களில் இருந்த பாதுகாப்புத் தடுக்கு இன்னொரு பேரப்பிள்ளை. 1682ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டன் ரோயல் சங்கத்து அறிஞர்கள் பாப்பனின் பானையில் சமைத்த விருந்தை உண்டார்கள். அதில் மாட்டெலும்பைக் கரைத்து எடுத்த பளிங்கு போன்ற ஜெல்லியும் ஒன்று. விருந்தில் இருந்த ஜோன் ஈவ்லின், அந்தத் தத்துவ விருந்து எல்லோரையும் விழுந்து விழுந்து சிரிக்க வைத்தது என்ற கருத்தில் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பாப்பனே பின்னர் 1690இல், உருளைக்குள் தண்டு ஏறி இறங்கும் நீராவிப் பொறியின் யோசனையையும் வெளியிட்டார்.

நம் காலத்துக்குச் சற்று அருகே வந்தால் நிக்கலஸ் குர்த்தி. ஒக்ஸ்போர்ட்டில் பௌதிகப் பேராசிரியர். பூச்சியத்துக்கு அருகிலான கடுங்குளிரை உண்டாக்குவது அவர் தொழில், சமையல் அவர் பொழுதுபோக்கு. 1969இல் லண்டன் ரோயல் நிலையத்தில், சமையலறையில் ஒரு பௌதிகவியலாளர் என்ற பொருளில் பேச வந்தவர், மேடையிலேயே பதார்த்தங்களைச் செய்துகாட்டினார். வெளியே ஐஸ்கிறீம், உள்ளே கொதிக்கும் நிரப்பு என்ற தலைகீழ் இனிப்பு ஒன்று அவர் பெயரோடு சேர்ந்தது. நுண்ணலை அடுப்பின் அலைகள் உறைந்த பனியை அவ்வளவாகச் சூடாக்குவதில்லை, திரவத்தைத்தான் சூடாக்குகின்றன என்ற உண்மையை வைத்து ஆடிய வேடிக்கை அது.

நிற்க. கந்தப்பளைச் சபைக்குத் திரும்புவோம்.

வரைபடத்தில் எல்லா இடத்துக்கும் யந்திரம் வந்துவிட்டது. பாகு காய்ச்சும் இடத்தில் மட்டும் ஒரு வட்டத்தைப் போட்டு உள்ளே ‘அப்பாயி’ என்று எழுதியிருந்தது. அந்த உறுப்புக்கு மாற்று உறுப்பு கடையில் கிடைக்காது என்பதே இத்தனைக்கும் காரணம். தம்பி தம் மேசை இழுப்பறையிலிருந்து, எண்களைக் காட்டும் வெப்பமானி ஒன்றை எடுத்தார். மாஸ்டர் பிறநாட்டுச் சமையற் புத்தகம் ஒன்றில் பார்த்துச் சொன்னார்: சீனிப்பாகின் துளி தண்ணீரில் விழுந்து மெதுவான உருண்டையாகத் திரளும் பதம் 112 முதல் 116 பாகை செல்சியஸ். அதிரசத்துக்கு வேண்டியதும் அந்த உருட்டுப் பதந்தானே? நடுவே 114 என்று வைத்துக்கொண்டால் பிழை வராது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வெப்பமானியும் ஓர் எண்ணும் போதும். அடுத்த வருஷக் கவலை தீர்ந்தது.

அடுத்த ஞாயிறு அரைக் கிலோ அரிசியில் பரீட்சை நடந்தது. வெப்பமானி 114 காட்டிய கணத்தில் மோட்டார் மாமா அடுப்பை அணைத்தார். மாவைப் போட்டுக் கிளறினார்கள். மறுநாள் வரை மூடி வைத்தார்கள். தட்டி எண்ணெயில் போட்டார்கள். நிறம் அருமை. வட்டம் அருமை. பல் இறங்கவில்லை.

“பேரிங்குக்குப் போடலாம்” என்றார் பிட்டர் அண்ணன், ஒன்றை மேசையில் தட்டிப் பார்த்து. லயத்துக் கூரைத் தகரம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஏற்றி வைக்கலாம் என்றார் மாமா. மாஸ்டர் மட்டும் பேசவில்லை. வெப்பமானி பழுது என்று தம்பியும், வெல்லம் கலப்படம் என்று மாமாவும், சட்டி புதிது, அதனால்தான் என்று அண்ணனும் ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்தார்கள்.

சட்டியைக் குற்றம் சொல்வதற்கும் ஒரு பரம்பரை உண்டு. 1835இல் சார்ல்ஸ் டார்வின் தென்னமெரிக்காவில் அந்தீஸ் மலையைக் கடந்தபோது, உயரமான ஓரிடத்தில் இரவு தங்கினார்கள். உருளைக்கிழங்கைப் பானையில் போட்டு இரவெல்லாம் அடுப்பில் வைத்தும், காலையில் மறுபடி கொதிக்க வைத்தும் அது வேகவில்லை. கூட வந்த இருவர் இதைப் பற்றி ஆராய்ந்து, இந்தப் பாழும் பானை புதியது, அதற்குக் கிழங்கு வேக வைக்க மனமில்லை என்று முடிவு கட்டினார்களாம். டார்வினுக்குக் காரணம் தெரியும். மாஸ்டருக்கும் அப்பொழுது அது உறைத்தது.

மலையேற ஏற, நம் தலைக்கு மேலே உள்ள காற்று குறைகிறது, வளியமுக்கமும் குறைகிறது. கந்தப்பளையின் உயரத்தில் அது கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். மேலிருந்து அமுக்கும் கை தளர்ந்தால் தண்ணீர் சீக்கிரமே ஆவியாய்ப் பறக்கத் துணிகிறது. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், இங்கே 94 பாகைக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக இங்கே அதிக நேரம் பிடிப்பதும், கந்தப்பளைக்காரர் அமுக்கச் சமையற்பானையை மேலதிகமாய் நேசிப்பதும் இதனால்தான். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும் என்று மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பாகு என்பது என்ன? சீனியும் தண்ணீரும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போகிறது. சீனியின் செறிவு ஏறுகிறது. செறிவு ஏற ஏறக் கொதிநிலையும் ஏறுகிறது. ஆகவே வெப்பமானியைப் பார்த்து, இவ்வளவு தண்ணீர் போயிற்று என்று நாம் ஊகிக்கிறோம். புத்தகத்தின் 114 கடற்கரைக்கு உரியது. தண்ணீரின் 100க்கு மேல் 14. கந்தப்பளையிலே தண்ணீரே 94இல் கொதிக்கும்போது, 114 வரை காய்ச்சினால் 20 பாகை ஏற்றிவிட்டோம் என்றாகிறது. அது கடற்கரைக் கணக்கில் 120. உருட்டுப் பதம் தாண்டிக் கெட்டிப் பதம். வெப்பமானி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. கேள்விதான் வேறு ஊருடையது.

இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, மாஸ்டர் விடை எண்ணை யாருக்கும் காட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நால்வரும் வெப்பமானியோடு அப்பாயியின் வீட்டுக்குப் போனோம். நம்மையும் சேர்த்தால் ஐவர்.

அன்றைக்குத்தான் கடை ஆர்டரின் முதல் ஈடு. பேத்தி பாகைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்பாயி சாக்கை மடித்துப் போட்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் தண்ணீர். “வாங்கய்யா, பனிக்குள்ள நிக்காதீங்க” என்று இடம் காட்டினார். கண்ணால் பாகைப் பார்க்கவே இல்லை; பார்த்தாலும் தெரியாது. கொதியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கனத்து, குமிழி மெதுவாக வெடிக்கத் தொடங்கியதும், “விடு” என்றார். பேத்தி கரண்டியால் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டாள். அப்பாயி இரண்டு விரலால் அதைத் தேடி எடுத்து உருட்டினார். கரைந்தது. சற்றுப் பொறுத்து, “விடு.” இம்முறை திரண்டது; ஆனால் விரலில் ஒட்டியது. மூன்றாம் முறை, துளி பஞ்சுபோல் உருண்டு தட்டின் ஓரத்தில் நின்றது. “இறக்கு.”

தம்பி வெப்பமானியை வாசித்தார். 108.

மாஸ்டர் பையிலிருந்த தாளை விரித்தார். அதிலும் 108.

விஷயத்தை விளக்கிச் சொன்னபோது அப்பாயிக்கு அமுக்கம், செறிவு ஒன்றிலும் அக்கறை இல்லை. “நூத்தியெட்டா? நல்ல நம்பராச்சே. சாமிக்கு ஏத்த நம்பர்” என்றார் திருப்தியோடு.

இங்கே நாம் சற்று நின்று பேச விரும்புகிறோம். நம் வீடுகளில், படிக்காத கிழவி ஏதோ கைப்பழக்கத்தால் செய்கிறாள் என்ற எண்ணம் ஒன்று இருக்கிறது. தண்ணீர்த் தட்டும் இரண்டு விரலும் ஓர் அளவுகருவி என்பதை நாம் கவனிப்பதில்லை. வெப்பமானி அளப்பது சூட்டை. அதிலிருந்து தண்ணீரின் அளவையும், அதிலிருந்து பாகின் இறுக்கத்தையும் ஊகிக்க வேண்டும். இடையில் மலை புகுந்து கணக்கைக் கலைத்துவிடும். விரல் அளப்பது இறுக்கத்தையே. நமக்கு வேண்டியதும் அதுவே. ஆதலால் தஞ்சாவூரில் கற்ற பதம் கந்தப்பளையிலும் செல்லும். அந்தப் பதத்தைத் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து கடல் தாண்டி, இந்த மலைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்த பெண்களுக்கு ஒரு பாகையைக்கூடத் திருத்தவேண்டிய அவசியம் நேரவில்லை. கெவும் சுடும் நம் சிங்கள அயலவரின் வீட்டு ஆச்சிமாரும் கித்துள் பாணியைக் கை பார்த்தே பதம் சொல்கிறார்கள்.

பிட்டர் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, தம் தொழிற்சாலையில் டீமேக்கர் ஐயா ஒருவர் இருந்ததைச் சொன்னார். நொதிக்கும் தேயிலையை ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே பிடிப்பாராம். பச்சை வாசனை போய் ஒரு கனிந்த வாசனை வரும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில் அடுப்புக்கு அனுப்பச் சொல்வார். சுவரில் கடிகாரமும் இருந்தது, வெப்பமானியும் இருந்தது. இரண்டையும் அவர் பார்ப்பார். மூக்கைக் கேட்ட பிறகு.

சபைக்கு இதனோடு அடங்கத் தெரியவில்லை. 108 என்ற எண் கிடைத்த மகிழ்ச்சியில் தம்பி அதைக் கொழும்பில் உள்ள தம் அக்காவுக்குத் தொலைபேசியில் அனுப்பினார், செய்முறையோடு. இரண்டு நாள் கழித்து அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது: எண்ணெய்ச் சட்டியில் மிதக்கும் பழுப்பு நிறக் கஞ்சி. “இதுதான் உங்கள் எஞ்சினியர் அதிரசமா?” என்று ஒரு வரியும் வந்தது. கடற்கரையில் 108 என்றால் தண்ணீர் போதிய அளவு போகவில்லை, இளம்பாகு. இளம்பாகில் பிசைந்த மாவு எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து போகும்.

மாஸ்டர் உடனே ஒரு கணக்குப் போட்டார். கொழும்பில் 114, கண்டியில் 112, ஹட்டனில் 110, கந்தப்பளையில் 108. எந்த ஊரார் ஆனாலும் முதலில் வெறுந்தண்ணீரைக் கொதிக்க வைத்து, அது எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று தம் வெப்பமானியில் பார்த்துக்கொண்டு, அதற்குமேல் 14ஐக் கூட்டிக்கொள்வதே சுலபம் என்றும் சொன்னார். அவ்வழியில் வெப்பமானியின் சொந்தக் கோளாறும் கழிந்துவிடும். வீட்டில் செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு இது நல்ல பரீட்சை. கொதிக்கும் பாகு தோலில் ஒட்டினால் தண்ணீரைவிட மோசமாகச் சுடும் என்பதால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்பாயியின் பேத்தி கெட்டிக்காரி. எண்ணையும் எடுத்துக்கொண்டாள், தட்டையும் விடவில்லை. பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றில் நான்கு கட்டம் போட்டாள்: தேதி, வெல்லம் வாங்கிய கடை, வெப்பமானியின் எண், அப்பாயி சொன்னது. ஒவ்வோர் ஈட்டுக்கும் எழுதி வந்தாள். அடுத்த ஞாயிறு அந்தக் கொப்பியைப் பார்த்த மாஸ்டருக்கு வாய் அடைத்துவிட்டது. 108, 108, 109, 107, 110. வெல்லம் மாறும்போது எண்ணும் நகர்ந்திருக்கிறது. வெல்லம் வெறும் சீனி அன்று. அதில் வேறு சர்க்கரைகளும் உப்புக்களும் உண்டு. மழைக்காலத்து வெல்லம் ஒரு விதம், பழைய வெல்லம் ஒரு விதம். 110இல் இறக்கிய ஈட்டின் எதிரே, நான்காம் கட்டத்தில், ‘கடைக்காரனை மாத்து’ என்று எழுதியிருந்தது. அதுவும் அப்பாயி சொன்னதுதான்.

பத்தாம் ஈட்டிலிருந்து ஐந்தாவதாக ஒரு கட்டமும் சேர்ந்திருந்தது. அதில் பேத்தி தன் விரலில் உருட்டிப் பார்த்துத் தான் நினைத்ததை, அப்பாயி வாய் திறப்பதற்கு முன்பே எழுதியிருந்தாள். முதலில் இரண்டுக்கு ஒன்று தப்பு. போகப் போகத் தப்புக் குறைந்து வந்தது. 400 அதிரசமும் குறித்த நாளில் நுவரெலியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. உடைந்து மிஞ்சிய பி.ஓ.பி. ஒரு டின் சபைக்கு வந்தது; அளக்கப்படாமலே தீர்ந்தது.

நாட்காட்டியின் பின்பக்க வரைபடம் இன்னும் கடைச் சுவரில் தொங்குகிறது. ‘அப்பாயி’ என்று எழுதிய வட்டத்தை யாரும் அழிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு சிறிய வட்டம் மட்டும் வந்திருக்கிறது. இப்பொழுது தகராறு வேறு இடத்தில். பொரித்தெடுத்த அதிரசத்தில் எண்ணெய் பிழிவதற்குப் பழைய ரோலரின் அமுக்கும் திருகாணி ஒன்று இருந்தால் ஒரே தடவையில் இருபதைப் பிழியலாம் என்கிறார் பிட்டர் அண்ணன். இருபதும் சேர்ந்து ஒன்றாகிவிடும் என்கிறார் மோட்டார் மாமா. இரண்டு தட்டைக் கரண்டி இருக்கிறதே, அது போதாதா என்று அப்பாயி கேட்டனுப்பியிருக்கிறார். பதில் அடுத்த ஞாயிறு யோசிக்கப்படும்.